குதிரை லாயமும் குடிநோய் மீட்சியும்: கோலார் தங்கவயலை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

குடிநோயிலிருந்து ஒருவன் மீள்வதற்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும், குடும்பத்தாரின் பொறுமை வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் இவையெல்லாம் கிடைத்த பின்பும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில வாரங்களுக்குள்ளாகவே பழைய கடைவாசலில் போய் நிற்பவர் எத்தனையோ பேர் என்பதைக் காணும்போது, இந்தச் சிகிச்சையில் ஏதோ ஓர் அங்கம் குறைகிறது என்ற எண்ணம் எழாமல் இராது. அந்தக் குறையை நிரப்பும் முயற்சிகளுள் ஒன்றாக, மேனாடுகள் சிலவற்றில் குதிரை லாயமும் சிகிச்சைக் கூடத்தின் ஒரு பகுதியாகச் சேர்ந்திருக்கிறது. குதிரையைத் தேய்த்துவிடுவதும், அதற்குத் தீனி வைப்பதும், லாயத்தைக் கூட்டுவதும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதனோடு நடப்பதும் ஒரு நோயாளிக்கு எவ்வாறு மருந்தாகக் கூடும் என்று கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை காண்பதும், உழைப்பினால் பிறந்து உழைப்பை இழந்துவிட்ட கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊருக்கு அந்த விடையால் என்ன பிரயோஜனம் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலும் குடியும்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில், பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை ரயில்பாதை உரிகம், சாம்பியன் ரீஃப் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. 1871-இல் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் பொன்னைத் தேடி இவ்வட்டாரத்துக்கு வந்ததும், 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியார் சுரங்க நிர்வாகத்தில் இறங்கியதும், வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து நிலமற்ற ஏழை மக்கள், அவர்களுள் பெரும்பாலோர் சாதிக்கொடுமைக்கு ஆளானவர்கள், கூட்டங்கூட்டமாக வந்து லைன் வீடுகளில் குடியேறியதும், 1902-இல் காவேரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டதும் பலரும் அறிந்த சரித்திரம். அந்தச் சரித்திரத்தில் பொன்னின் கணக்கு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் இந்த மண்ணிலிருந்து வெளிவந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்களின் தேகமும் மனமும் கொடுத்த விலைக்குத்தான் அவ்வளவு துல்லியமான கணக்கு இல்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 3,200 மீட்டர் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்ஷியஸைத் தாண்டியது. சுற்றிலும் அழுத்தும் பாரம் தாங்காமல் பாறையே திடீரென்று வெடித்துச் சிதறுவது உண்டு. 'ஏர் பிளாஸ்ட்' என்று சுரங்கத்தார் சொன்ன அந்த விபத்து எந்த ஷிப்டில், எந்த மூலையில் நேரும் என்று முன்கூட்டி அறிந்தவர் ஒருவருமில்லை. உயிர் தப்பியவர்களையும் பாறைத்தூள் விடவில்லை. நுரையீரலை மெல்லமெல்லக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1947-இல் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. இன்றைக்குப் பிழைத்தோம் என்ற ஆறுதலும் நாளைக்கும் இறங்கவேண்டுமே என்ற அச்சமும் ஒருங்கே நெஞ்சில் நிறைய, ஷிப்டு முடிந்து கூண்டிலேறி மேலே வந்த மனிதனுக்கு, கையில் கூலியும் வழியில் சாராயக் கடையும் இருந்தபோது, அவன் குடித்தான் என்பதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அச்சத்தை மழுங்கச் செய்யவும், உடல்வலியை மறக்கவும், உறக்கத்தை வரவழைக்கவும் அவனுக்கு எட்டிய மருந்து அது ஒன்றாகவே இருந்தது.

ஆனால் குடி இம்மக்களின் சுபாவம் என்று முடிவு கட்டுவது பெரும் அநியாயம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் ஆழமாக வேரூன்றிய இடங்களுள் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் முக்கியமானவை. 1907-இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை, 1914-இல் அவர் மறைந்த பிறகு, ஒரு காலகட்டத்தில் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பஞ்சசீலத்தில் ஐந்தாவது சீலம் மதுவை விலக்குதல். அந்தச் சீலத்தை ஏற்று நடப்பதைத் தங்கள் சுயமரியாதையின் அடையாளமாகக் கொண்ட சுரங்கத் தொழிலாளரும் இதே லைன்களில்தான் வாழ்ந்தார்கள். ஆகையால் குடியும் இவ்வூரின் சரித்திரம். குடியை மறுத்ததும் இவ்வூரின் சரித்திரம். எந்தச் சிகிச்சையையும் இங்கே வெளியூர் உபதேசமாகக் கொண்டுவந்து இறக்கவேண்டிய அவசியமில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு வேலை கொடுத்த ஊரில் ஷிப்டுச் சங்கு ஓய்ந்தது. இளையவர்கள் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டார்கள். அவ்வாறு போகமுடியாத நடுவயதினருக்கு ஊதியம் மட்டுமா போயிற்று? எந்த நேரத்தில் எழுவது, யாரோடு நடப்பது, எதைச் செய்துமுடித்தால் இன்றைய நாள் முடிந்தது என்பவற்றையெல்லாம் நிர்ணயித்த ஓர் ஒழுங்கே போயிற்று. முன்பு உழைப்பின் அச்சத்துக்கு மருந்தாக வந்த குடி, உழைப்பின்மையின் வெறுமைக்குத் துணையாக நிலைத்தது. 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து கர்நாடக அரசு சாராயத்தைத் தடைசெய்தது உண்மை. சாராயப் பாக்கெட்டு போன இடத்தில் மலிவான விஸ்கியும் பிராந்தியும் வந்து உட்கார்ந்துகொண்டதும் உண்மை.

விடுவதும் நிலைப்பதும்

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி. அவர்களுள் குடியினால் கேடுற்று உதவி வேண்டி நிற்போர் 5.7 கோடி. குடிக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார் என்றும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் அதே ஆய்வு சொல்கிறது. சிகிச்சைக் கூடத்தின் வாசற்படியை மிதிப்பதே இத்தனை அரிதாக இருக்கும் நாட்டில், மிதித்தவரையும் பாதியில் இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

குடியை நிறுத்துவது வைத்தியத்தின் முதற்கட்டம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் இல்லாததைக் கண்டு அலறும் சித்தப்பிரமை உண்டாகி, உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. இக்கட்டத்தில் மருத்துவமனையும், நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளும், தையமின் என்ற பி-1 வைட்டமினும் தவிர வேறெதுவும் உதவாது. கோயில் மரத்தடியும் உதவாது, குதிரை லாயமும் உதவாது. இதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுவது கடமை.

அதற்கடுத்த கட்டமே நீண்டது. 1935-இல் அமெரிக்காவில் பிறந்து இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும், சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் போதைநோய்ப் பிரிவும் பல்லாண்டு அனுபவத்தில் நமக்குக் கற்பித்திருப்பது, குடி ஒரு நோய் என்பதும், அது அறவே ஒழியும் நோயன்று, ஆயுள் முழுவதும் அடக்கி ஆளவேண்டிய நோய் என்பதுமாகும். அந்த ஆட்சி நடக்கவேண்டிய இடம் மருத்துவமனையன்று, வீடும் தெருவும். அங்கே குடியை விட்டவனுக்குக் காத்திருப்பது என்ன? காலையிலிருந்து இரவு வரை நிரப்பவேண்டிய நேரம். எதையும் பற்றாத கைகள். தன்னை நம்பாத முகங்கள். பல ஆண்டுகளாக மன்னிப்பையும் சோற்றையும் கைச்செலவுப் பணத்தையும் பிறரிடமிருந்து வாங்குபவனாகவே இருந்துவிட்டவனிடம், அவன் திருந்தி வந்த பிறகும் யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை. பீரோச் சாவியைக்கூடக் கொடுப்பதில்லை. வீட்டார் பட்டது அப்படி. அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒருவனிடம் எதையும் ஒப்படைக்காமல் அவனைப் பொறுப்புள்ளவனாக ஆக்குவது எவ்வாறு? இந்தச் சிக்கலை அவிழ்க்கவே லாயம் உதவுகிறது என்பது என் அபிப்பிராயம்.

குதிரையின் சுபாவம்

மனநோய்க்குப் பிராணிகளின் துணையை நாடுவது புதிய யோசனையன்று. சங்கிலியும் சவுக்கும் மனநோய்க்கு மருந்தாக இருந்த காலத்தில், 1796-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் நிறுவிய இல்லத்தில், நோயாளிகள் உலாவும் முற்றங்களில் முயலும் கோழியும் வளர்க்கப்பட்டன. தன்னைக் காட்டிலும் பலவீனமான ஒன்றிடம் அன்பு செலுத்தும்போது மனிதனின் நல்லியல்பு விழித்துக்கொள்ளும் என்பது அவ்வில்லத்தாரின் நம்பிக்கை. குதிரைக்கு இத்துறையில் உலகப் புகழ் தேடித் தந்தவர் டென்மார்க்கு மாது லிஸ் ஹார்ட்டல். 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவர், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். தேக ஊனத்துக்குக் குதிரைச் சவாரியைப் பயன்படுத்தும் ஸ்தாபனங்கள் அதன்பின் பல நாடுகளில் எழுந்தன. மனநோய்க்கும் போதைநோய்க்கும் குதிரையின் துணை நாடப்பட்டது அந்த வழியில் வந்த விருத்தியே. ஆனால் போதைநோய்ச் சிகிச்சையில் சவாரி முக்கியமன்று. பெரும்பகுதி நேரம் நோயாளி தரையில்தான் நிற்கிறார்.

எத்தனையோ பிராணிகள் இருக்கக் குதிரை எதற்கு? நாய் எஜமானனின் குற்றங்களையெல்லாம் மன்னித்து வாலாட்டும். குதிரையின் சுபாவம் வேறு. புல்வெளியில் மந்தையாக வாழ்ந்து, புலிக்கும் ஓநாய்க்கும் தப்பி ஓடியே பிழைத்த இனம் அது. தலையின் இருபுறத்திலும் அமைந்த கண்களால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் பார்க்கிறது. இரு காதுகளையும் தனித்தனியே திருப்பி ஓசையைத் தேர்கிறது. பக்கத்தில் நிற்கும் ஜீவனின் பதற்றத்தைத் தனக்கு வரும் ஆபத்தின் அறிகுறியாகக் கொள்கிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு நல்ல சான்று. குதிரையை நடத்திக்கொண்டும் அதன்மேல் ஏறியும் குறிப்பிட்ட பாதையில் பலமுறை போய்வந்தவர்களிடம், அடுத்த முறை குதிரை கடந்து போகும்போது ஒரு குடை திடீரென்று விரிக்கப்படும் என்று சொல்லிவைத்தார்கள். குடையோ விரிக்கப்படவே இல்லை. ஆயினும் அந்த முறை மனிதரின் நாடித்துடிப்பு உயர்ந்தது. ஒன்றும் அறியாத குதிரையின் நாடித்துடிப்பும் உடன் உயர்ந்தது. கோபமுற்ற மனித முகத்தின் படத்தைப் பார்க்கையில் குதிரைகளின் நாடி விரைகிறது என்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் சர்வகலாசாலையார் 2016-இல் எடுத்துக்காட்டினர்.

குடிநோயாளிக்கு இது ஏன் முக்கியமாகிறது? குடி தொடரவேண்டுமானால் பொய் தொடர்ந்தாக வேண்டும். மனைவிக்கு ஒரு சமாதானம், மேலதிகாரிக்கு ஒரு சமாதானம், தனக்குத் தானே ஒரு சமாதானம் என்று பல்லாண்டுகள் பழகிய நாவுக்கு, மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் கேட்க இனிமையான வார்த்தைகளைச் சொல்லிவிடுவது பெரிய காரியமன்று. குதிரையின் முன்னே அந்தச் சாமர்த்தியம் செல்லாது. உள்ளே ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு வெளியே சிரிப்பவன் கயிற்றை நீட்டினால் அது தலையை உயர்த்தி விலகி நிற்கும்; மூச்சு நிதானப்பட்டுத் தோள் தளர்ந்த பிறகுதான் அருகில் வரும். அவன் ஊரில் வாங்கிய பெயர் அதற்குத் தெரியாது. ஆனால் அவன் தன்னிடம் நேற்று எவ்வாறு நடந்துகொண்டான் என்பதை அது மறப்பதில்லை. இழந்த நம்பிக்கையை நாளுக்கு நாள் நடத்தையினால் மட்டுமே திரும்பப் பெறமுடியும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகப் போதிக்கும் ஆசிரியர் அரிது.

லாயத்தில் நடக்கும் ஒரே ஒரு காரியத்தைக் கிட்டே சென்று பார்ப்போம். காலையில் குதிரையின் குளம்புகளைச் சுத்தம் செய்யவேண்டும். இல்லாவிட்டால் சாணமும் ஈரமும் சேர்ந்து குளம்பு அழுகும். அதன் தோளருகே, அது பார்க்கும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். கையைத் தோளில் வைத்து, எடுக்காமலே முழங்கால் வழியாகக் கணைக்கால் வரை மெதுவாக இறக்கவேண்டும். பிறகு காலை உயர்த்தச் சொல்லி ஒரு சிறு அழுத்தம். குதிரை தன் பாரத்தை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிக்கொண்டு அந்தக் காலை நோயாளியின் உள்ளங்கையில் விடுகிறது. இப்போது அவன் வளைந்த இரும்புக் கருவியால் குதிகால் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மண்ணைச் சுரண்டி எடுக்கிறான். நடுவே முக்கோணமாக, உணர்ச்சியுள்ளதாக இருக்கும் மெத்தென்ற பாகத்தில் கருவியின் முனை குத்திவிடாமல் காக்கிறான். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள, ஓடுவதே தற்காப்பாகக் கொண்ட ஒரு பிராணி, தன் ஓட்டத்துக்கு ஆதாரமான காலையே அவன் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக நிற்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் தண்ணீர்த் தம்ளரைக்கூடச் சிந்தாமல் பிடிக்கமுடியாத கை அது. வீட்டார் பீரோச் சாவியை ஒப்படைக்கத் தயங்கும் மனிதனிடம் இவ்வளவு பெரிய ஒப்படைப்பு நிகழ்கிறது என்றால், அதன் பலன் அவன் நெஞ்சில் எங்கேயோ போய்த் தைக்காமல் இருக்குமா?

நளன் கதை காட்டும் வழி

நம் முன்னோர் இந்த உண்மையைக் கதையாகவே சொல்லிவைத்திருக்கிறார்கள். கலி பீடித்ததனால் சூதுவெறி தலைக்கேறி, தம்பி புட்கரனிடம் நாட்டைத் தோற்று, உடுத்த துணிக்கும் வழியற்று, நடுக்காட்டில் உறங்கும் மனைவியைக் கைவிட்டுப் போன நளனைப் போல, ஓர் அடிமைப் பழக்கத்தின் முழுச் சரித்திரத்தையும் தன் வாழ்க்கையில் காட்டிய பாத்திரம் நம் இதிகாசங்களில் வேறில்லை. தனக்கே தெரிந்த அழிவை நோக்கித் தானே நடப்பது, நெருங்கியவர்களின் மன்றாட்டு காதில் ஏறாமை, கடைசியில் அன்புக்கு உரியவளையே விட்டு ஓடுதல் என்று அந்த நோயின் படிகள் அனைத்தும் அங்கே உள்ளன. புலவர் புகழேந்தியார் அக்கதையைச் சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்றாகப் பகுத்தது, நோய் தொடர்வதையும் நீங்குவதையும் சமமான முக்கியத்துவத்தோடு நோக்கியதனாலேயே என்று தோன்றுகிறது.

கலி நீங்கும் வரை நளன் இருந்த இடம் எது? அயோத்தியில் இருதுபன்னன் என்ற அரசனின் குதிரை லாயம். கார்க்கோடகன் என்ற நாகம் தீண்டியதால் அழகை இழந்து, வாகுகன் என்ற பெயரோடு, அரசனாக இருந்தவன் இன்னொரு அரசனின் குதிரைகளைப் பராமரித்தான். பழைய கௌரவம் அங்கே செல்லாது. பழைய அவமானமும் யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்தால் அவன் கையை எதிர்பார்த்துக் குதிரைகள் நின்றன. அந்தச் சேவையினூடே தன் பழைய திறமை ஒன்றை, சூது தீண்டாத குதிரை வித்தையை, அவன் மறவாது காத்தான். விதர்ப்பம் நோக்கித் தேரோட்டிச் சென்றபோது, தான்றி மரத்தடியில் அந்த வித்தையைக் கொடுத்து இருதுபன்னனின் கணித வித்தையைப் பெற்ற கணத்தில் கலி அவனை விட்டது. பிச்சையாக எதையும் பெறாமல், கொடுப்பதற்குத் தன்னிடமும் ஒன்று உண்டு என்ற நிலையில் நின்று பெற்றவனே விடுதலையடைந்தான் என்பது இக்கதையின் சாரம். ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லவேண்டும். நளன் பின்பு மீண்டும் சூதாடி நாட்டை மீட்டான்; குடிநோயாளிக்கு அந்த வழி இல்லை. இனி அளவோடு குடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்புவது பழைய பள்ளத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆராய்ச்சி சொல்வது

கதை நம்பிக்கையைத் தரும். பிரமாணம் வேறு வேண்டும். இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு நார்வே நாட்டின் ஆஸ்லோ சர்வகலாசாலை மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே போதைநோய்க்குத் தங்கிச் சிகிச்சை பெற்ற இளைஞர் 108 பேரின் விவரங்களை ஆன் கெர்ன்-கோடல் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சையோடு லாயத்துக்கும் சென்றவர்களில் 56.9 சதவீதத்தினர் சிகிச்சையை முடித்தனர். செல்லாதவர்களில் முடித்தவர் 14 சதவீதமே. லாயத்துக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ இரட்டிப்பு நாட்கள் சிகிச்சையில் நீடித்தனர். அவர்களுள் சிலரிடம் பின்பு விரிவாகப் பேசியபோது, லாயத்தில் தாங்கள் நோயாளிகளாக உணரவில்லை என்பதும், ஒரு வேலையைச் செய்பவராக, ஒரு குதிரைக்கு வேண்டியவராக உணர்ந்தோம் என்பதும் திரும்பத் திரும்ப வந்த கருத்துகளாயின.

கனடாவின் சாஸ்கட்சவான் மாகாணத்தில் உள்ள வொயிட் பஃபலோ இளைஞர் சிகிச்சை நிலையத்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பெட்ரோல், பசை முதலியவற்றின் ஆவியை மோந்து போதைக்கு அடிமைப்பட்ட பூர்வகுடிச் சிறுவர்களுக்கு அங்கே குதிரைகளோடு பழகும் பயிற்சி தரப்பட்டது. கொலீன் டெல் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அச்சிறுவர்களின் மூதாதையர் பண்பாட்டில் குதிரைக்கு இருந்த மதிப்பான ஸ்தானமே இச்சிகிச்சை அவர்கள் மனத்தில் பற்றிக்கொள்ளத் துணையாயிற்று என்று சுட்டுகிறது. நிலமும் தொழிலும் மரியாதையும் பறிபோன ஒரு சமூகத்தில் போதை புகும்போது, சிகிச்சை அச்சமூகத்தின் சொந்த நினைவுகளிலிருந்து ஒரு கைப்பிடியைத் தேடிக்கொள்ளவேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆயினும் நடுநிலை தவறலாகாது. ஆஸ்லோ நோயாளிகள் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கப்பட்டவர்கள் அல்லர். விரும்பியவர்களே லாயத்துக்குப் போனார்கள். ஏற்கெனவே மன உறுதி மிக்கவர்களே அவ்வாறு விரும்பியிருக்கலாம். முதல் வாரத்திலேயே ஓடிப்போனவருக்கு லாயத்தைப் பார்க்கும் சந்தர்ப்பமே இராது. மைக்கேல் அனெஸ்டிஸ் முதலியோர் 2014-இல் மனநோய்களுக்கான குதிரைச் சிகிச்சை பற்றிய 14 ஆய்வுகளைப் பரிசீலித்து, அவை யாவும் முறையில் குறைபாடுள்ளவை என்றும், அவற்றை வைத்து இச்சிகிச்சையின் பலனை நிரூபித்துவிட்டதாகக் கொள்ளமுடியாது என்றும் தீர்ப்பளித்தனர். ஆகவே குதிரை குடிநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்பவரை நம்பவேண்டியதில்லை. சிகிச்சையில் நிலைத்திருக்க லாயம் துணைசெய்யக் கூடும் என்று சொல்வது அளவறிந்த கூற்று. அளவு சிறிதாயினும் அதன் மதிப்பு சிறிதன்று. ஏனெனில் சிகிச்சையில் நீண்டநாள் நிலைப்பவர்களுக்கே குணமும் நிலைக்கிறது என்பது போதைநோய் மருத்துவத்தில் பலமுறை கண்ட அனுபவம்.

தங்கவயலுக்கு ஏற்றது

இந்த நோக்கோடு தங்கவயலுக்குத் திரும்புவோம். இப்பகுதிக்குக் குதிரை அந்நியமன்று. இராணுவக் குதிரைகளுக்காக 1824-இல் தொடங்கப்பட்ட ஓசூர்க் கால்நடைப் பண்ணை அதிகத் தொலைவில் இல்லை. திப்பு சுல்தான் காலத்தில் தோன்றிய குனிகல் குதிரைப் பண்ணையும் கர்நாடக ராஜ்யத்தில்தான் உள்ளது. குதிரைக்குரிய தானியமான கொள்ளு கோலார்ச் சீமையின் மானாவாரி நிலங்களில் விளைவது. தமிழ்க் கிராமத்து எல்லையில் அய்யனாருக்கு நிறுத்திய மண் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இங்கே வாழ்கிறார்கள். குதிரை காவலின் உருவம் என்பது அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவேண்டிய விஷயமன்று.

எனினும் தடைகளை மறைப்பது உபகாரமாகாது. குதிரையைப் பேணுவதற்குப் பெருஞ்செலவு ஆகும். நிதானமும் வயதும் வாய்ந்த குதிரை வேண்டும். பந்தயத்துக்குப் பழக்கிய முறுக்கான குதிரை இதற்குத் தகாது. உதையும் கடியும் நேரக்கூடுமாதலால் பழகிய குதிரைக்காரரும், மனநல ஆலோசகரும் ஒருங்கே உடனிருந்தாக வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். தங்கவயலுக்கே உரிய ஒரு தடையும் உண்டு. வைக்கோலும் புழுதியும் பறக்கும் லாயம், பாறைத்தூளால் நுரையீரல் கெட்ட பழைய சுரங்கத் தொழிலாளிக்கு ஏற்ற இடமன்று. யாருடைய வாழ்க்கையை முன்னிட்டு இந்தச் சிகிச்சையை யோசிக்கிறோமோ அவர்களுள் சிலரின் நெஞ்சே இதற்கு இடங்கொடாது என்பதை எண்ணி, மார்புப் பரிசோதனைக்குப் பிறகே ஒருவரை அனுப்பவேண்டும்.

ஆகையால் நாம் பின்பற்றவேண்டியது லாயத்தின் தத்துவத்தை. அத்தத்துவம் மூன்று அம்சங்கள் கொண்டது: தன்னை நம்பி நிற்கும் ஒரு ஜீவன், நாள் தவறாமல் கையால் செய்யவேண்டிய ஒரு வேலை, பழைய பெயரை மறந்து புதிய நடத்தையை மட்டும் மதிக்கும் ஓர் உறவு. குதிரை கிடைத்தால் குதிரை. கிடைக்காத இடத்தில், ஒரு கறவை மாடு, நாலு வெள்ளாடுகள், ஒரு புறாக்கூண்டுகூட இந்த மூன்றில் இரண்டையாவது தரவல்லவை. டி.டி.ரங்கநாதன் நிலையத்தார் 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் நடத்திய முகாம்கள், சிகிச்சையை மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து பிரித்து ஊர்நடுவே கொண்டுவந்து, ஊராரையும் அதில் பங்குகொள்ளச் செய்யலாம் என்பதைக் காட்டின. அத்தகைய முகாம் ஒன்று தங்கவயலின் மாரிக்குப்பத்திலோ ஆண்டர்சன்பேட்டையிலோ நடக்குமானால், முகாம் முடிந்து வீடு செல்பவர் ஒவ்வொருவரிடமும் மாத்திரைச் சீட்டோடு ஒரு பிராணியின் பொறுப்பும் ஒப்படைக்கப்படவேண்டும். ஆறு மாதம் கழித்து, குடித்தாரா என்று மட்டும் கேட்காமல், அந்தப் பிராணி எப்படி இருக்கிறது என்றும் போய்ப் பார்க்கவேண்டும். பிராணி நன்றாக இருந்தால் மனிதரும் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். பிராணி ஒப்படைக்கப்பட்டவர்களையும் ஒப்படைக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டு முறையாகக் கணக்கெடுத்தால், ஆஸ்லோவார் விட்ட இடத்திலிருந்து அந்த ஆராய்ச்சியை நாமே முன்னெடுத்துச் செல்லவும் கூடும்.

பூமிக்கடியில் நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த ஒரு சமூகத்துக்கு உழைப்பின் மீது வெறுப்பு இல்லை. உழைப்பை எதிர்பார்ப்பவர் இல்லாமையே அதன் துயரம். அத்துயரத்தை உபதேசத்தால் ஆற்ற முயல்வது வீண். கருணையால் மட்டும் ஆற்ற முயல்வதும் போதாது. குடியை விட்டு வந்தவனிடம் இனிக் குடிக்காதே என்று சொல்வதோடு நில்லாமல், நீ இன்றைக்கு வராவிட்டால் இங்கே ஒரு காரியம் நடவாது என்று சொல்லும் நிலையை நாம் உண்டாக்கவேண்டும். சிகிச்சை நிலையங்களும், தொழிற்சங்கங்களும், கோயில், விகாரை, தேவாலயங்களைச் சார்ந்த சபைகளும், அரசாங்கத்தின் கால்நடைத் துறையும் இதைத் தங்கள் கடமையாக ஏற்றுக்கொள்ளுமானால், அதற்கு ஆகும் செலவு, இவ்வூர் மண்ணிலிருந்து எடுத்துச் சென்ற பொன்னின் மதிப்பில் ஒரு துளியாகவும் இராது.